முகப்பில் ஒரு கணினி, இரண்டாம் கட்டில் ஒரு கணினி: ஒரே இணைய இணைப்பைப் பகிர்வது எப்படி?

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு ஒன்று, கணினி இரண்டு. முகப்பில் இருக்கும் மேசைக் கணினியில் அப்பச்சி கணக்குப் பார்க்கிறார். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறையில் அண்ணன் மகள் மடிக்கணினி வைத்துப் படிக்கிறாள். இரண்டுக்கும் நடுவே வளவு என்னும் திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், ஒன்றரை அடிச் சுவர்கள். "சித்தப்பா, பாடம் நடக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடுகிறது" என்று அவள் வந்து சொன்ன நாளிலிருந்து இதைச் சரிசெய்து முடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் தவறான இடத்தில் தேடியதிலேயே போயிற்று. அந்த இரண்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகள் நம் பக்கத்து வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எங்கே போனாலும் ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலும் வைத்துக் கட்டிய வீடுகள் நம்முடையவை. அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டின் நீளத்தைக் கேபிள் கடக்கட்டும். கடைசிப் பத்துப் பதினைந்து அடிக்கு மட்டும் வைஃபையை நம்புங்கள்.

இணைப்பு ஒன்று எப்படி இரண்டாகிறது?

இரண்டு கணினி என்றால் இரண்டு இணைப்பு வாங்க வேண்டுமோ என்று இன்னமும் கேட்கிறார்கள். வேண்டாம். பங்காளிகள் நாலு குடும்பம் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். தபால்காரருக்குத் தெரிவது ஒரே கதவு எண். கடிதத்தை முகப்பில் வாங்குபவர்தான் இது பெரியவருக்கு, இது இளையவருக்கு என்று பிரித்து உள்ளே கொடுத்தனுப்புவார். ரவுட்டர் செய்வது இதே வேலைதான். வெளியுலகுக்கு ஒரு முகவரி. வீட்டுக்குள் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி. எந்தக் கணினி எதைக் கேட்டது என்று குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரிய கணினிக்கு அனுப்பிவிடும்.

வீட்டுக்குள் வழங்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பழைய இணைய முகவரி முறையில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆகவே வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று சில எண் வரிசைகளை 1996ஆம் ஆண்டின் விதி ஒதுக்கிவைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், அடுத்த வீட்டிலும் இருக்கலாம். ஒன்றோடொன்று மோதாது.

வேகம் பாதியாகிவிடாதா என்றும் கேட்பார்கள். 100 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) இணைப்பில் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்கினால்தான் ஏறக்குறைய ஆளுக்குப் பாதி. ஒன்று சும்மா இருந்தால் மற்றதற்கு முழுவதும் கிடைக்கும். இணையவழி வகுப்புக்கு நாலைந்து எம்பிபிஎஸ் தாராளம். ஆகவே வகுப்பு தடைபடுகிறது என்றதும் கட்டணத்தைக் கூட்டி அடுத்த திட்டத்துக்கு மாறாதீர்கள். குறை அநேகமாகத் தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

முதலில் பெட்டியைப் பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள்

இணைப்புக் கொடுக்க வருபவர் தெருக் கம்பத்திலிருந்து ஃபைபரை இழுத்து, முகப்பில் கண்ணில் பட்ட பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். பெரும்பாலும் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மெல்லிய ஃபைபர் வந்து செருகும் துளை ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை; மடக்கினால் ஒளி தடைபடும், உடைந்தால் கம்பெனிக்காரர் வந்துதான் ஒட்டவைக்க வேண்டும். கழன்று கிடக்கும் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அதற்குப் பக்கத்தில் லேன் (LAN) என்று எழுதிய சதுரத் துளைகள் ஒன்றோ இரண்டோ நாலோ இருக்கும். அவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கும் துளை தொலைபேசிக்கு உரியது. பெட்டியில் ஒரே ஒரு லேன் துளைதான் உண்டு, வைஃபையும் இல்லை என்றால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் வேன் (WAN) துளைக்குப் போக வேண்டும். கணினிகள் லேன் துளைகளுக்கு.

அடுத்து, ஒரு தாளில் வீட்டைக் கோடு போட்டு வரைந்துகொண்டு மடிக்கணினியுடன் நடங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முறை, வளவில் ஒரு முறை, இரண்டாம் கட்டில் ஒரு முறை வேகத்தை அளந்து அந்தந்த இடத்தில் எழுதுங்கள். பெட்டியோடு கேபிள் போட்டு இணைத்தபோதே வேகம் இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். முகப்பில் 90, இரண்டாம் கட்டில் 3 என்று வந்தால் அவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. ஏன் என்று தேடியபோது வீட்டைப் பற்றியே புதிதாகச் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய கனத்த சுவர் வைஃபை அலையைப் பெருமளவு விழுங்கிவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் தேயும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, சற்றுக் கூடுதல் தொலைவு போகும். சுவரைவிடப் பெரிய தடை உலோகம். எங்கள் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று சாமான் அறை. அப்பத்தா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாக்கள், குத்துவிளக்குகள், எவர்சில்வர் அடுக்குகள் எல்லாம் தரையிலிருந்து தலை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். முகப்புப் பெட்டிக்கும் அண்ணன் மகளின் மேசைக்கும் நேர்கோடு போட்டால் அந்தக் கோடு சரியாக அந்த அறையின் நடுவே போகிறது. பெட்டியைச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டினாலும் பித்தளை மறைத்துக்கொண்டுதான் இருந்தது.

இதற்கு மாறாக, வைஃபைக்கு நம் வீடுகளில் ஒரு நல்ல வழியும் உண்டு. தலைவாசல், வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். ரவுட்டரை அந்தக் கோட்டில், வளவின் வெட்டவெளியைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் அலை சுவரைத் தொடாமலேயே உள்ளே போகும். முகப்பின் மூலையிலிருந்து வளவைச் சுற்றிய நடையான பத்திக்குப் பெட்டியை நகர்த்தித் தரச் சொன்னதில் மட்டும் இரண்டாம் கட்டில் 3 என்பது 18 ஆயிற்று. காசு செலவில்லாத முதல் திருத்தம் இது. சின்ன வீடாக இருந்தால் இதோடு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை. இரவில் தேக்குக் கதவுகளைச் சாத்தியதும் 18 மறுபடி 5 ஆனது. அவள் படிப்பதோ இரவில்தான்.

நான் இரண்டு மாதத்தைத் தொலைத்தது இங்கேதான். வைஃபையை நீட்டிக்கும் சாதனம் ஒன்றை வாங்கி, அலை கிடைக்காத அறையிலேயே செருகினேன். வைஃபைக் குறியில் எல்லாக் கோடுகளும் தெரிந்தன. வேகம் மட்டும் ஏறவில்லை. அந்தச் சாதனம் தன் காதில் விழுவதைத்தான் திருப்பிச் சொல்லும். காதிலேயே சரியாக விழாத இடத்தில் வைத்தால் என்ன சொல்லும்? அதோடு, விலை குறைந்த சாதனங்கள் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்பதால் கிடைக்கும் வேகத்திலும் பாதி போய்விடும். நீண்ட வீட்டுக்கு அதை வாங்காதீர்கள்.

கேபிள் வாங்குவதும் இழுப்பதும்

ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை, அதாவது 328 அடி வரை, நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் வேலை செய்யும். முகப்பிலிருந்து கொல்லை வரை நம் வீடுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். போகும் வழி நெடுகச் சணல் கயிறு பிடித்து அளந்து, மேலும் ஐந்து மீட்டர் சேர்த்து வாங்குங்கள். கேட்-5இ (Cat 5e) வகை போதும், கேட்-6 விலையில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டால் அதையே வாங்கலாம்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழுச் செம்பா? உறையில் சிசிஏ (CCA) என்று அச்சிட்டிருந்தால் அது அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். நாலடிக்கு அது வேலை செய்யலாம். நூற்றைம்பது அடிக்கு நம்பக் கூடாது, மடங்கினால் முறிந்தும்விடும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டையும் மனத்தில் வையுங்கள். "நிலையில் துளை போடக் கூடாது. உன் கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு" என்று அப்பத்தா சொல்லிவிட்டார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளையிட்டால் அந்த இடம் மட்டும் உதிராது. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பெயரும். அதே பளபளப்பில் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது அரிது. ஆகவே ஏற்கெனவே இருக்கும் திறப்புகளைத் தேடுங்கள். கூரைக்குக் கீழே காற்றுக்காக விட்ட துளைகள், பழைய தொலைபேசி வயர் வந்த வழி, உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்து என்று ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும்.

மின்சார வயரோடு சேர்த்து ஒரே குழாயில் விடாதீர்கள். பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குத்தாகக் கடக்க விடுங்கள். வளவின் வெட்டவெளிக்கு மேலே கொடி கட்டுவதுபோல் இழுக்கவும் கூடாது. மழை, வெயில் ஒரு பக்கம். பக்கத்தில் மின்னல் இறங்கினால் செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை இரு முனைகளுக்கும் கடத்தி ரவுட்டரையும் கணினியையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். பத்திக் கூரையின் அடியிலேயே சுற்றிக்கொண்டு வாருங்கள். இருபதடி கூடினாலும் பரவாயில்லை. கணினி இருப்பது தோட்டத்துக்கு அப்பால் தனிக் கட்டடம் என்றால் செம்பே வேண்டாம். ஃபைபரின் ஒளியைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் கருவியை இரு முனையிலும் வைத்து ஃபைபர் இழுப்பதுதான் சரி.

முதல் முறை நான் கேபிளை ஓட்டுக்கு அடியில் அப்படியே விட்டேன். ஐந்தாறு வாரத்தில் அணில் கடித்துவிட்டது. இரண்டாம் முறை பிவிசி குழாய்க்குள் விட்டேன். குழாய்க்கு ஆன செலவு கேபிளுக்கு ஆனதில் கால் பங்குதான்.

எட்டுக் கம்பிகளும் ஒரு முனையும்

முனை (துளையில் செருகும் பிளாஸ்டிக் தலை) போட்ட கேபிளாக வாங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் அந்த முனை சின்னத் துளைகளில் நுழையாது என்பதால் நம் வீடுகளில் வெறும் கேபிளை இழுத்து, பிறகு முனை போடுவதுதான் வசதி. கடைக்காரரே வந்து போட்டுத் தருவார். நீங்களே செய்வதானால் முனை அழுத்தும் கருவி ஒன்றும், ஆர்ஜே-45 முனைகள் பத்தும் வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று வீணாவது இயல்பு.

மேலுறையை ஓர் அங்குலம் உரியுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி, நாலு சோடிகளாக இருக்கும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி இந்த வரிசையில் வையுங்கள்: ஆரஞ்சுக் கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடு போட்ட வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு போட்ட வெள்ளை, பழுப்பு. முனையின் நாக்கு கீழ்ப்பக்கம், தங்க நிறத் தகடுகள் உங்களைப் பார்த்தபடி மேல்முனையில் இருக்கட்டும். அப்போது இடக்கைப் பக்கம் முதல் கம்பி. எட்டையும் ஒரே மட்டத்தில், அரை அங்குலத்துக்கு வெட்டி உள்ளே தள்ளுங்கள். எட்டு முனையும் கடைசி வரை போய் முட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மேலுறையும் முனைக்குள் வந்தபின் அழுத்துங்கள்.

பச்சைச் சோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தை விட வேண்டும்? வரிசையாகச் சோடி சோடியாக வைத்தால் அழகாகத்தானே இருக்கும்? நானும் அப்படி வைத்தேன். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரிந்தன. இணைப்போ அடிக்கடி விழுந்தது. தகவல் மூன்றாவது, ஆறாவது தகடுகளில் ஒரு சோடியாகப் போகிறது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் வெளியிரைச்சல் ஒரே அளவாக விழுந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். முறுக்கின் பயனே அதுதான். அந்த இரண்டு தகடுகளுக்கும் வேறு வேறு முறுக்கிலிருந்து கம்பி வந்தால் அந்தக் காப்பு போய்விடுகிறது. இரண்டடிக் கேபிளில் தெரியாத இந்தப் பிழை நூறடியில் தெரிந்துவிடும். இரு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

செருகிய பிறகு

ஒரு முனை முகப்பு ரவுட்டரின் லேன் துளையில், மறுமுனை மடிக்கணினியில். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகளில் இந்தத் துளை இருக்காது. யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் இரண்டு விவரங்கள் தெரியும். முகவரி 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் பேசிவிட்டது. சில ரவுட்டர்கள் 10 என்று தொடங்கும் முகவரியும் தரும், அதுவும் சரியே. 169.254 என்று தொடங்கினால் கணினி கேட்டதற்கு ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். முனையைச் சோதியுங்கள்.

இணைப்பு வேகம் 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் ரவுட்டரின் துளையே 100 உடையதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு கம்பி தொடவில்லை. 100 வேகத்துக்கு நாலு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். அணில் கடித்ததை நான் கண்டுபிடித்ததே இப்படித்தான். ஒரு நாள் 1000 என்பது 100 ஆகியிருந்தது. ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் பழுப்புச் சோடி அறுந்து தொங்கியது.

இரண்டாம் கட்டில் கைப்பேசிகளுக்கும் வைஃபை வேண்டுமென்றால் கேபிளின் முனையில் இன்னொரு ரவுட்டர் வையுங்கள். அதில் அக்சஸ் பாயின்ட் (முகவரி பங்கிடாமல் வைஃபை மட்டும் தருவது) என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டதும் முடிந்தது. பழைய ரவுட்டராக இருந்தால் நாமே மாற்ற வேண்டும். முதலில் அதன் சொந்த முகவரியை முகப்பு ரவுட்டர் பங்கிடும் எண்களுக்கு வெளியே வையுங்கள். முகப்பு ரவுட்டர் 192.168.1.1 ஆகவும் அது 100 முதல் 200 வரை பங்கிடுவதாகவும் இருந்தால் இதற்கு 192.168.1.250 கொடுக்கலாம். பிறகு இதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரி பங்கிடும் வேலைதான் டிஎச்சிபி. பந்தியில் இடம் காட்ட, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் இருவர் நின்றால் ஒரே இலைக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள் அல்லவா, அதுதான் இங்கும் நடக்கும். கடைசியாக, முகப்பிலிருந்து வரும் கேபிளை லேன் துளையிலேயே செருகுங்கள். வேன் துளை காலியாக இருக்கட்டும். மடிக்கணினி இன்னொரு லேன் துளைக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு ரவுட்டருக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று அலைவரிசையைப் பிரித்து வைத்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

கடவுச்சொல்லில் அலட்சியம் வேண்டாம். வைஃபைக்கு மட்டுமல்ல, ரவுட்டரின் உள்ளே நுழைவதற்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. பெட்டியோடு வந்ததை மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்குக் கேபிள் கொடுப்பதைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்டார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதன் வழியாக நடப்பதற்கு முதலில் அவரைத்தான் விசாரிப்பார்கள். வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்பி இணைப்பே இல்லாமல் கைப்பேசியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் வழி உண்டு. யுஎஸ்பி கேபிளால் கைப்பேசியை ஒரு கணினியில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் தேர்வைப் போடுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் செட்டிங்ஸில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் மற்றக் கணினிக்கு வைஃபையாகக் கொடுக்கலாம். முதல் கணினி அணைந்தால் இரண்டாவதும் நின்றுவிடும். தற்காலிகத்துக்குச் சரி.

மின்சாரம் போனால் இரண்டு பெட்டிகளும் அணையும். 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒவ்வொன்று வைத்தால் சில மணி நேரம் ஓடும். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கேபிளின் இரு முனையிலும் துண்டுத் தாள் ஒட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதுங்கள். நம் வீடுகளில் கல்யாணம், சாந்தி என்று வந்தால் பந்தல் போடுபவரும் சீரியல் விளக்குப் போடுபவரும் பிளக் பாயின்ட் தேடி முகப்பிலும் பத்தியிலும் கைவைப்பார்கள். எங்கள் தாளில் "இரண்டாம் கட்டுக் கணினி. பிடுங்க வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. விருந்தினர் கைப்பேசிகளுக்கென்று ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனிக் கடவுச்சொல்லுடன் திறந்துவிட்டு, விசேஷம் முடிந்த மறுநாள் அணைத்துவிடுகிறேன்.